கல்லாவுக்கு வந்த அண்ணன்

அத்தியாயம் ஒன்பது

சாவிக்காரர் அண்ணியைக் கடை ஓரமாகக் கூப்பிட்டு என்னதான் சொன்னார் என்று கேட்டு ஒரு வாரமாக என்னைப் படுத்தி எடுத்துவிட்டீர்கள். ஒரு வாசகி, 'அந்த ஆள் பார்வையே சரியில்லை, அண்ணியை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள்' என்று எச்சரித்திருக்கிறார். பாவம் மனுஷன், லாண்டரிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுச் சாவி செய்து பிழைக்கிறவர். பூட்டைத் தவிர வேறு எதையும் திறக்கத் தெரியாதவர். அவர் மேல் பழி போடாதீர்கள், சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன், பாதியில் வந்து ஏறிக்கொண்டவர்களுக்காக நாலு வார்த்தை. இது ஒரு லாண்டரிக் குடும்பத்தின் கதை. அண்ணன், தங்கை, அண்ணனின் மனைவி, அவ்வளவுதான் ஆட்கள். அண்ணன் நல்ல கறுப்பு. தங்கை நல்ல சிவப்பு, போதாததற்குப் பூனைக்கண். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். அவர் அப்பா ஜாடை, அவள் அம்மா ஜாடை. தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவளை வீட்டில் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அண்ணி மாநிறம். எந்த ஊரிலும் யார் கண்ணையும் உறுத்தாத சௌகரியமான நிறம்.

அவர்கள் பிழைத்த பழைய ஊர் ஒரு துறைமுக ஊர். அங்கே கறுப்பாக இருந்தால் மூட்டை தூக்க வந்த கூட்டத்துப் பிள்ளை என்று அர்த்தம். வீடு கேட்டால் கிடைக்காது. கடை வைத்தால் யாரும் படியேற மாட்டார்கள். அதனால் அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. எதற்கும் முதலில் பாப்பா போவாள். வாடகை பேச, ஆஸ்பத்திரியில் பெயர் கொடுக்க, மின்சார ஆபீஸில் கேள்வி கேட்க, எல்லாவற்றுக்கும் அவள்தான் முகம். லாண்டரியிலும் அதே ஏற்பாடு. கல்லாவில் பாப்பா, திரைக்குப் பின்னால் பாய்லர் பக்கத்தில் அண்ணன். உள்ளே யாரோ கறுப்பாகப் போகிறார்களே என்று வாடிக்கைக்காரர் கேட்டால், 'நம்ம வேலையாள்' என்பாள். சாப்பிடும்போது அண்ணன் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டு, முதலாளியம்மா சம்பளத்தை எப்போ ஏத்துவீங்க என்று கேட்பார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அந்தக் கட்டிடத்தை இடித்தார்கள். மெஷின்களைக் கட்டிக்கொண்டு இந்த ஆற்றங்கரை ஊருக்கு வந்தார்கள். வந்த இடத்திலும் பழக்கதோஷம் விடுமா? வீடு பார்க்கப் பாப்பாவை அனுப்பினார்கள். போன இடமெல்லாம், இப்பத்தான் வேற ஆளுக்கு விட்டோம் என்றார்கள். கடைசியில் ஒரு தரகர் போனிலேயே பேசி முடித்துக் கொடுத்தார். கடையைத் திறந்தார்கள். வாசல்வரை வருகிறவர்கள் கல்லாவில் நிற்கிற பாப்பாவைப் பார்த்ததும், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி திரும்பிப் போனார்கள். அண்ணன் சோப்பை மாற்றினார், போர்டை மாற்றினார், வாசனைத் திரவம் தெளித்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, ரயிலடிக்கு எதிரே இருக்கிற பெரிய ஓட்டல். அதன் படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் இவர்களுக்குக் கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு மூடவேண்டியதுதான், திரும்பிப் போகப் பழைய இடமும் இல்லை. ஓட்டலில் துணிமணிப் பிரிவைப் பார்க்கிற அம்மா இன்றைக்கு நேரில் வந்து கடையைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

நேற்று ராத்திரி கடை மூடுகிற நேரத்தில் சாவிக்காரர் சொன்னது இதுதான்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அந்த அக்கரைக்காரியை எதுக்குக் கல்லாவுல நிக்க வைக்கறீங்க? ஐயாவை நிக்கச் சொல்லுங்க. ஆள் எவ்வளவு லட்சணமா இருக்காரு."

அண்ணிக்கு முதலில் வந்தது சிரிப்பு. சாவிக்காரரின் முக்காலியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து தன் புருஷனை யாரும் லட்சணம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. பெற்ற தாயே சொன்னதில்லை. சிரித்து முடித்தபோதுதான் விஷயம் மண்டையில் ஏறியது.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் சிவப்பு, கண்ணெல்லாம் வெளிர் நிறம். அவர்கள் ஊரில் சண்டை வந்தபோது பாலத்தைக் கடந்து இங்கே பிழைக்க வந்தார்கள். இந்த ஊர்க்காரர்களோ அண்ணனின் நிறம். அக்கரைக்காரன் வந்து வேலையெல்லாம் பறித்துக்கொண்டான், அவன் குளிக்க மாட்டான், அவன் தொட்ட துணியைப் போட்டால் சொறி வரும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். அப்படிப்பட்ட ஊரில், அக்கரைக்காரி மாதிரி இருக்கிறவளைப் பிடித்து லாண்டரிக் கல்லாவில் நிறுத்தியிருக்கிறார்கள் நம்முடைய புத்திசாலிகள்.

எனக்கு இதை எழுதும்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு ராத்திரி பஸ்ஸில் தூங்கி விழித்தால் மட்டமான நிறம் உசத்தியாகிவிடுகிறது, உசத்தியான நிறம் மட்டமாகிவிடுகிறது. இதை நம்பி இரண்டு ஊரிலும் ஜனங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார்கள். சரி, என் கோபம் கிடக்கட்டும். இன்றைக்கு நேரமில்லை, ஓட்டல்கார அம்மா வரப்போகிறார்கள்.

காலையில் அண்ணி விஷயத்தைப் புருஷனிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை. சாவிக்காரர் என்ன வார்த்தை சொன்னார் என்று இரண்டாம் தரம் கேட்டார். அப்புறம் கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டு, லட்சணமாமே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பாப்பாவிடம் என்ன சொல்வது என்பதுதான் சிக்கல். உண்மையைச் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. ஓட்டல்காரர்கள் பெரிய மனிதர்கள், ஆம்பிளை பேசினால் எடுபடும், நீ இன்றைக்கு ஒருநாள் பிரெஸ் மெஷினைப் பார்த்துக்கொள் என்று அண்ணி ஒரு கதை கட்டினாள்.

பாப்பா சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டாள். "அப்பாடா. அங்க நின்னு ஈ ஓட்டி ஓட்டிக் கையே வலிக்குது அண்ணி" என்று கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் கல்லாவுக்குப் பின்னால் வந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கதவில் கட்டியிருந்த மணி அடித்தது. அவ்வளவுதான், மனிதர் ஒரே தாவலில் திரைக்குப் பின்னால் மறைந்துவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. மணி அடித்தால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் காலுக்குப் பழகிப்போன விஷயம். வந்த பஸ் கண்டக்டர் காலியான கல்லாவைப் பார்த்துத் திகைத்து நின்றார். அண்ணி உள்ளே போய்ப் புருஷனைச் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

கண்டக்டர் அண்ணனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "புது முதலாளியா? வாங்க வாங்க" என்றார், ஏதோ இவர்தான் அவர் கடைக்கு வந்த மாதிரி. நாலு காக்கிச் சட்டையை வைத்துவிட்டு, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த மணிக்கும் அண்ணனின் கால் ஒரு அடி பின்னால் போனது. அதற்கடுத்த மணிக்கு நின்றுவிட்டார்.

அப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்டக்டர் பஸ்ஸிலேயே தம்பட்டம் அடித்துவிட்டார் போலிருக்கிறது. டீச்சரம்மா ஒருத்தி ஜன்னல் திரைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். மருந்துக்கடைக்காரர் வெள்ளைக் கோட்டுகளோடு வந்தார். கம்பளி, கோட்டு, மெத்தை உறை, மஞ்சள் கறை, மைக் கறை. அண்ணனுக்கு வாய் திறந்துகொண்டது. மைக் கறையைப் பார்த்து, பையன் பரீட்சையைச் சட்டையிலேயே எழுதிட்டானா என்று கேட்டார். டீச்சரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அடையாளச் சீட்டு குத்துகிற ஊசிகள் தீர்ந்துபோய், அண்ணி தன் புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள்.

ஒவ்வொரு மூட்டையும் திரைக்கு உள்ளே போய் விழும்போது ஆவிக்கு நடுவிலிருந்து பாப்பாவின் குரல் கேட்டது. "இன்னும் வரட்டும் அண்ணா" என்றாள். அவளுக்கு ஒரே குஷி. கடை பிழைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில், ஏன் பிழைத்தது என்று யோசிக்க அவளுக்கு அவகாசமில்லை.

அண்ணனுக்கோ தலைகால் புரியவில்லை. ஜனங்கள் அவர் கண்ணைப் பார்த்துப் பேசினார்கள். துவைக்கிற கூலியை மேஜையில் போடாமல் அவர் உள்ளங்கையில் வைத்தார்கள். இப்படி ஒரு காலைப் பொழுது தன் ஆயுளில் வரும் என்று அவர் நினைத்ததேயில்லை.

உச்சி வெயில் ஏறுகிற நேரத்தில் பேண்டு மாஸ்டர் வந்தார். ஊரில் கல்யாணமோ ஊர்வலமோ அவர் கோஷ்டி இல்லாமல் நடக்காது. கோஷ்டி மொத்தத்தின் சீருடையையும் பெரிய மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கல்லாவின் மேல் வைத்தார். சரிகைப் பட்டை, பித்தளைப் பொத்தான்கள். பொத்தான்களைக் கழற்றிவிட்டுத்தான் துவைக்க வேண்டும் என்று அண்ணி ஒரு கிண்ணத்தை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மாஸ்டர் ஊர்க்கதை பேசிக்கொண்டே தானும் இரண்டு பொத்தானைக் கழற்றினார். நல்ல மனிதர். அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது, கெட்டவராக இருந்தால் எழுதச் சுலபம்.

"ஆமா, முன்னாடி இங்க ஒரு அக்கரைக்காரி நின்னாளே. அனுப்பிட்டீங்களா?" என்றார். "நல்ல வேலை செஞ்சீங்க. அவ கை பட்ட துணியை எவன் உடம்புல போடுவான்?"

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே கல்லாவுக்கு மேலாகக் கையை நீட்டி அண்ணனின் தோளில் போட்டார்.

"ஆமாமா" என்றார் அண்ணன். அவரும் சிரித்தார்.

உள்ளே பிரெஸ் மெஷினின் சத்தம் நின்றது.

அண்ணி கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. ஓட்டல்கார அம்மா இறங்கினார்கள், பின்னாலேயே டிரைவர் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அண்ணி உள்ளே ஓடினாள்.

பாப்பா மெஷினின் பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. கொஞ்ச நேரம் பின்பக்கச் சந்தில் போய் நில்லும்மா, அவர்கள் போனதும் கூப்பிடுகிறேன் என்று அண்ணி கெஞ்சினாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

"எல்லாம் கேட்டுது அண்ணி" என்றாள். "போகமாட்டேன்."

அண்ணிக்கு அவள் கையைப் பிடித்து இழுக்கவும் மனசில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. அதற்குள் திரை விலகியது.

ஓட்டல்கார அம்மா முன்னால் வந்தார்கள், அண்ணன் பின்னால். முன்பக்கம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. நெரிசலைப் பார்த்தே பாதி முடிவு செய்துவிட்டார்கள். தொட்டி, உலர்த்தும் மெஷின், மடிக்கிற மேஜை என்று ஒவ்வொன்றாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவர்கள் பாப்பாவைப் பார்த்ததும் நின்றார்கள். பார்வை அவள் கண்ணில் போய் நின்றது.

"இவங்க யாரு?"

இந்த இடத்தில் அண்ணன் யோசித்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். யோசிக்கவில்லை. கடையா தங்கையா என்று மனசுக்குள் தராசெல்லாம் பிடிக்கவில்லை. பதில் தயாராக, வழவழவென்று, காலங்காலமாக அந்தக் குடும்பத்தின் வாயில் இருந்த அதே பதிலாக வந்தது.

"நம்ம வேலையாளுங்க."

அம்மா தலையை ஆட்டினார்கள். தான் இந்த வித்தியாசமெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை என்றார்கள். ஆனால் வந்து தங்குகிறவர்கள் ஒரு மாதிரி, யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் ஓட்டலுக்குக் கெட்ட பெயர். அதனால் எங்கள் துணியை மட்டும் இந்தப் பெண் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று, ரொம்ப மரியாதையாக, அண்ணனிடம் சொன்னார்கள். பாப்பா அங்கே நிற்பதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. பையை மேஜை மேல் வைக்கச் சொன்னார்கள். இது வெள்ளோட்டம், நாளைக் காலையில் நீங்களே கொண்டுவந்து கொடுங்கள், திருப்தியாக இருந்தால் ஓட்டல் துணி முழுக்க உங்களுக்குத்தான். அண்ணன் தலையை ஆட்டினார். கார் கிளம்பிப் போய்விட்டது.

கடை பிழைத்துவிட்டது. இத்தனை நாளாக எதற்காக மூன்று பேரும் தூங்காமல் கிடந்தார்களோ அது மேஜை மேல் பையாக உட்கார்ந்திருந்தது. அண்ணி கையைத் தட்டப்போய் நிறுத்திக்கொண்டு, பொத்தானை எண்ணுகிற சாக்கில் முன்பக்கம் போய்விட்டாள்.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். "பாப்பா, கடைக்காகத்தான்..."

"தெரியும்" என்றாள் பாப்பா. "அதை விடு. பேண்டுக்காரர் உன் தோள்ல கை போட்டாரே, அப்போ உனக்கு எப்படி இருந்தது? பொய் சொல்லாதே."

அண்ணன் கீழே பார்த்தார். சொல்ல வெட்கமாக இருந்தது.

"நல்லா இருந்தது" என்றார். "ரொம்ப நல்லா இருந்தது பாப்பா."

"எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றாள். "அங்க, அத்தனை வருஷமும். கடைக்காகன்னு நாம சொல்லிக்கிட்டோம். கடைக்காக மட்டும் இல்ல அண்ணா. என் கண்ணைப் பத்தி நாலு பேர் நல்லதாச் சொல்வாங்க. உன்னை வேலையாள்னு சொன்னா இன்னும் ரெண்டு வார்த்தை நின்னு பேசுவாங்க. எனக்கு அது வேண்டியிருந்தது."

அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நான் அந்தத் திரைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, ஐயோ நம்ம பாப்பா நமக்காகத் தினமும் பொய் சொல்லிக் கஷ்டப்படறாளேன்னு நினைச்சேன்" என்றார். "எத்தனையோ நாள் அதுக்காக அழுதிருக்கேன்."

பாப்பா இப்போது அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

அண்ணன், நாளைக்கு ஓட்டலில் சொல்லிவிடுகிறேன், நீ என் தங்கச்சி என்று சொல்லிவிடுகிறேன் என்றார்.

"நாளைக்கு எதுக்கு? இப்ப அங்க ஆளுங்க நிக்கறாங்களே" என்றாள் பாப்பா. "இங்க பாய்லர்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

பாசத்தில் போனார் என்று நான் சொல்லமாட்டேன். கோபம்தான் அவரைத் தள்ளியது. அவள் மேல், தன் மேல், அந்தத் தோள் மேல் விழுந்த கையின் மேல், சிரித்த தன் வாயின் மேல் கோபம். திரையை ஒரு பக்கமாக வாரித் தள்ளிவிட்டு முன்பக்கம் வந்தார். பாப்பாவும் பின்னாலேயே வந்தாள். கண்டக்டர் இன்னொரு சட்டையோடு திரும்பி வந்திருந்தார். டீச்சரம்மா மறந்துபோன குடையை எடுக்க வந்திருந்தாள். பேண்டு மாஸ்டர் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் பேச்சு நின்றது.

"மாஸ்டர், கொஞ்சம் முன்னாடி நீங்க கேட்டதுக்கு நான் தப்பா பதில் சொல்லிட்டேன்" என்றார் அண்ணன். "இவளை எங்கேயும் அனுப்பல. இவ என் கூடப் பொறந்தவ. எங்க அம்மா இதே நிறம்தான், இதே கண்ணுதான். காலைலேர்ந்து உள்ள போன எல்லாத் துணியையும் இவதான் தேய்ச்சா. இனிமேலும் இவதான் தேய்ப்பா."

கண்டக்டர் கையிலிருந்த சட்டையைக் கல்லாவில் வைக்கவில்லை. டீச்சரம்மா குடையை எடுத்துக்கொண்டாள், ஆனால் நகரவில்லை. ஓட்டலுக்கு இந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் போய்விடும் என்று அண்ணிக்குத் தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பேண்டு மாஸ்டர் பாப்பாவை மேலும் கீழும் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. பிறகு அவர் கையிலிருந்த பொத்தானைக் கிண்ணத்தில் போட்டார். எழுந்து நின்றார். சீருடை மூட்டையின் முடிச்சின் மேல் கையை வைத்தார். எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை.